போட்டுக் கொடுத்தவன்

டவுன்ஹால் ரோட்டில் என் கடைக்கு
அகலம் நாலடி.
புதுப் போன் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்து
என்னிடம் நீட்டுவார்கள்:
"எல்லாத்தையும் போட்டுக் குடுத்துருங்கண்ணே."

மொழி, தேதி, வைஃபை.
அப்புறம் அந்த நீளமான பக்கம்.
கட்டைவிரலால் ஒரே தள்ளு,
என்றைக்கோ வருகிற வைகை வெள்ளம்போல
எழுத்துகள் ஓடும்.
அடியில் காத்திருக்கும் நீலப் பொத்தான்:
ஒத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வருஷம்.
செக்கானூரணி ஆட்டு வியாபாரிக்காக ஒத்துக்கொண்டேன்.
கீழவாசல் பாத்திரக்கடை முதலாளிக்காக,
நர்சிங் சேர்ந்த மகளுக்கு
எண்ணி எண்ணிப் பணம் வைத்த மேலூர்க்காரருக்காக,
ஒரு தடவை கன்னியாஸ்திரீ ஒருவருக்காக.
இத்தனை பேர் சார்பில் தலையாட்டியவன்
இந்த ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

பாண்டீஸ்வரி வந்தது ஆடி மாசம்.
பழங்காநத்தத்தில் கல்யாணப் புரோக்கர்,
என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள்.
முகூர்த்தம் இல்லாததால் நேரம் இருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.
"நிறுத்துங்க. அது என்ன கேக்குது?"
"வழக்கமாக் கேக்குறதுதான்."
"அதான் என்னன்னு கேக்குறேன்."

படித்தேன்.
முதல் தடவையாக, அதுவும் சத்தம் போட்டு.
எங்கே போகிறாய், எவ்வளவு நேரம் நிற்கிறாய்,
எந்தப் படத்தின்மேல் விரல் தயங்கியது.
டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த பையன்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.
'எங்கள் பங்குதாரர்களுடன் பகிரலாம்' என்ற இடத்தில்
அவள் கையை நீட்டினாள்.
"பங்காளிங்க யாரு?"
"பேரு போடல."
"பேரு சொல்லாத பங்காளி," என்றாள். "சரி, மேல படிங்க."

தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?

அவள் பழைய போனில் இரண்டாயிரத்து முந்நூறு நம்பர்.
பெண் வீடு, பையன் வீடு, நின்றுபோன நிச்சயதார்த்தம்,
மனைவி இறந்தவர்,
மனைவி இறந்ததாகச் சொல்பவர்.
"என் நம்பரை நான் குடுக்கலாம்ணே.
ஐராவதநல்லூர்ப் பொண்ணு நம்பரை
நான் எப்படிக் குடுக்குறது?
அது என்னை நம்பில்ல குடுத்துச்சு."

பிறகு அவளாகவே சொன்னாள்:
"நானும் இதே யாவாரம்தான்.
சாதகம், சம்பளம், சீக்கு, கடன்,
எல்லாம் இந்தப் பையில இருக்கு. கமிஷன் வாங்குறேன்.
ஆனா மாத்திப் பேசுனா
வெளக்குமாத்தோட வாசலுக்கு வருவாங்க.
போன வருஷம் வந்தாங்க.
இவங்க வாசல் எங்க இருக்கு?"

பெட்டியில் ஒரு விலாசம் இருந்தது.
அது சர்வீஸ் சென்டர்.

வேண்டாம் என்று அழுத்தினோம்.
வரன் பார்க்கிற ஆப் திறக்கவில்லை.
மறுபடி கேட்டது.
மரியாதையாகத்தான் கேட்டது.
மூன்றாவது தடவை அவளே அழுத்தினாள்;
ஆவணி பிறக்கப் பத்து நாள்தான்.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே
"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்ல" என்றாள்,
என்னிடம் இல்லை.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
என் போனைக் கிளறினேன்.
எட்டு வருஷம்
வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது.
வியாழன்தோறும் ஒன்பதே கால்,
கோரிப்பாளையத்தில் பதினோரு நிமிஷம்.
வீட்டில் தெரியாது.
பக்கத்துக் கடை சையது இப்ராகிமுக்குத் தெரியாது.
எந்த வாசலில், எதற்காக என்று
உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

யார் காட்டிக் கொடுத்தது என்று தேட வேண்டியதில்லை.
இதே ஸ்டூல். இதே விரல்.

மறுநாள் முதல் போணி ஒரு கல்லூரிப் பெண்.
"எல்லாத்தையும் போட்டு..." என்று ஆரம்பித்தாள்.
"ஒரு தடவை படிச்சுப் பாக்குறியாம்மா?"
"மாட்டுத்தாவணியில பத்து இருபதுக்கு பஸ்ணே."

கட்டைவிரலுக்கு
வழி தெரியும்.